பிடித்தம்

விண்ணப்பத்தின் முதல் கட்டத்திலேயே பேனா தடுக்கியது.
குடும்பப் பெயர் கேட்டிருந்தார்கள்.
படிவம் வேறெங்கோ அச்சானது;
எங்கள் தீவில் அப்படி ஒன்று கிடையாது.
நான் ஸ்வான்ஹ்வித், கெட்டிலின் மகள்.
கெட்டில், தோர்மோதின் மகன்.
அதற்கு மேல் கடல்.

தற்போதைய தொழில்:
காட் மீனில் முள் எடுக்கிறேன் என்று எழுதி,
அடித்துவிட்டு,
மீன் பதப்படுத்தும் ஆலை, பன்னிரண்டு ஆண்டுகள் என்று எழுதினேன்.
வாடை ஏறாத வாக்கியம்.

ஆட்டத் திறன் தேர்வு:
ஒரே நாளில் இரண்டு சுற்று, முப்பத்தாறு குழி,
நூற்று ஐம்பத்தெட்டு அடிக்குள் முடிக்க வேண்டும்.
போன ஜூனில் நூற்று ஐம்பத்தொன்பது.
மூடுபனியால் தாமதமாகத் தொடங்கி
கடைசிக் குழிக்கு வரும்போது
இரவு பதினொரு மணி வெயில் நேரே கண்ணில்.
ஒரு சாண் தூரம்.
பந்து விளிம்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு
வேண்டாமென்று வெளியே நின்றது.
வயிறும் ஒரு சாண்தான்; மறுநாள் ஆலைக்குப் போனேன்.

இந்த ஜூனில் நூற்று ஐம்பத்தாறு.
ஆலாக்கள் மண்டையைக் கொத்த வந்தன.
என் அட்டையைக் குறித்த பையனின் நெற்றியில் ரத்தம்;
எட்டு என்ற எண்ணில் அவன் விரல் பதிந்திருக்கிறது.
ஏழாம் குழியில் பந்து எரிமலைப் பாறையில் தெறித்துப்
பாசிக்குள் போனது. தேடவில்லை.
அந்தப் பாறைக்கு இதுவரை கொடுத்த பந்துகளை விற்றிருந்தால்
ஒரு பழைய டிராக்டர் வாங்கியிருக்கலாம்.

கற்பித்த அனுபவம், சான்றுடன்.
சான்றுக்கு எதைக் காட்ட?
இழுவைப் படகின் சமையல்காரர் ஸ்டெய்ன்கிரிமுர்.
வலது கையில் இரண்டு விரல்களை வின்ச் தின்றுவிட்டது.
புத்தகத்துப் பிடிக்குப் பத்து விரல் வேண்டும்.
எட்டு விரலுக்கு ஒரு பிடியை
ஆலையின் பின்புறம், பழைய மீன்வலையைக் கட்டி,
மூன்று குளிர்காலம் தேடினோம்.
கிடைத்தது.
இப்போது என்னைவிட நேராக அடிக்கிறார்,
அதைச் சொல்லியும் காட்டுகிறார், நன்றி கெட்ட மனிதர்.

வாய்மொழித் தேர்வில்
சரியான பிடி எது என்று கேட்டார்கள்.
யாருடைய கை என்று கேட்டேன்.
மூவரில் ஒருவர் மட்டும் குனிந்து எதையோ எழுதினார்.
நல்லதா கெட்டதா, தெரியாது.

கடைசிப் பக்கத்தில் ஒரே வாக்கியம்:
கையொப்பமிடும் நாளிலிருந்து
அமெச்சூர் தகுதியைத் துறக்கிறேன்.

துறக்கிறேன்.
சாமியார்களின் வினைச்சொல்.
அவர்கள் வீட்டைத் துறப்பார்கள், சோற்றைத் துறப்பார்கள்.
நான் துறக்கப் போவது
சும்மா ஆடுவதை,
பிடித்ததால் ஆடுவதை.
இனி கையுறை விற்பேன்,
வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவேன்,
மழையில் நின்று பல் மருத்துவர்களின் இடுப்பைத் திருப்பிவிடுவேன்,
மணிக்கு இவ்வளவு என்று.
ஆசைதான். பன்னிரண்டு ஆண்டு ஆசை.
ஆனாலும்

பேனாவை மூடிவிட்டு கிளப்புக்குப் போனேன்.
மணி ஒன்று. இருட்டு வரவில்லை.
ஐந்து மட்டைகள் மட்டும். அட்டை எடுக்கவில்லை.
இன்று எண்ணக் கூடாது.
எண்ணாமல் ஆடத் தெரியவில்லை எனக்கு;
நான்காம் குழி வரை நாக்கு தானாக எண்ணிக்கொண்டே வந்தது.
ஐந்தாவதில் ஆலாக் குஞ்சு ஒன்று
பந்துக்கும் குழிக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது.
தாய் மேலே கத்துகிறது.
நான் தலைக்கு மேல் மட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறேன்,
கேணக் கொடிக்கம்பம் மாதிரி.
கால் மணி நேரம் இருக்கும்.
அது எழுந்து போனபோது எண் மறந்திருந்தது.

ஏழாம் குழியில்
பாறையைப் பார்த்தே அடித்தேன்.
கணீரென்றது.

ஆறு மணி ஷிஃப்ட்.
ரப்பர் கையுறை மாட்டும் முன்
உடைமாற்றும் அறையின் பெஞ்சில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.
கணக்கர் ஹ்ரப்ன் சம்பளச் சீட்டை நீட்டினார்.
உறுப்பினர் கட்டணக் கடன், எட்டாம் தவணை.
இதோடு முடிந்தது என்றார்.
சீட்டின் அடிவரியில்,
பிடித்தம்: இருபத்தோராயிரம் குரோனர்.
அந்தச் சொல்லின் மேல் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
சுரண்டி எடுக்கவில்லை.